மாப்பிள்ளைக்கு, உன் பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு

அன்புள்ள மாப்பிள்ளை,

பொங்கலுக்கு வந்திருந்தபோது மொட்டை மாடியில் வைத்து ஒன்று கேட்டாய். "மாமா, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரு வருஷத்துல வெறுத்துப் போகுது. எனக்குத்தான் ஏதாவது கோளாறா?" உன் போனில் ஆறாவது கம்பெனியின் ஆஃபர் லெட்டர் இருந்தது. நான் வாயில் கரும்பை வைத்துக்கொண்டு "பார்க்கலாம்பா" என்று மழுப்பிவிட்டேன். உன் அம்மா பக்கத்தில் இருந்தாள். அவள் முன்னால் ஆரம்பித்திருந்தால் பேச்சு நேராக உன் கல்யாணத்தில் போய் நின்றிருக்கும்.

கிளம்பும்போது, பி.எஃப். பணத்தை எடுக்க முடியுமா பாருங்கள் என்று பாஸ்புக்கை அனுப்பிவிட்டுப் போனாய். நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் கணக்கைப் பார்த்தே பிழைப்பவன் நான். நீ கேட்டதற்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என். ஒன்று, அதற்குக் கீழே கம்பெனிக்கு ஒன்றாக மெம்பர் ஐடி ஐந்து. ஆகஸ்ட் 2019-ல் கேம்பஸில் எடுத்த கம்பெனியில் இரண்டு வருஷம். அப்புறம் 13 மாதம், 14 மாதம், 16 மாதம். இப்போது இருக்கும் இடத்தில் ஏழாவது மாதம்தான் ஓடுகிறது, அதற்குள் அடுத்த ஆஃபர்.

முதல் கம்பெனியை விட்டதைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளேயே இருப்பவனுக்குப் பிச்சைக்காசு ஹைக், வெளியிலிருந்து வருபவனுக்கு இரண்டு மடங்கு சம்பளம் என்று ஓடிய காலம் அது. ஜூன் 2022-ல் முடிந்த காலாண்டில் இன்ஃபோசிஸ் அறிவித்த வருடாந்திர விலகல் விகிதமே 28.4 சதவீதம். ஊரே தாவும்போது நீ மட்டும் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்?

நான்காவதை விட்டதும் சரி. மூன்று மாதம் சம்பள ஸ்லிப்பில் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள், பாஸ்புக்கில் ஒரு பைசா ஏறவில்லை. அந்த மாதிரி இடத்தில் ஆள் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. அதற்குத் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும், நேரில் சொல்கிறேன்.

என்னை உறுத்துவது நடுவில் இருக்கும் இரண்டும்தான். இரண்டாவது கம்பெனியில் ஏதோ ஆஸ்பத்திரிக்கான பில்லிங் ஸ்கிரீன் செய்தேன் என்று பெருமையாகச் சொல்வாய். அது இப்போது எப்படி ஓடுகிறது என்று பொங்கலன்று கேட்டேன். "தெரியாது மாமா, நான் ராஜினாமா பேப்பர் போட்ட அப்புறம்தான் லைவ் போச்சு" என்றாய். கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பெண் அந்த ஸ்கிரீனைத் திட்டுகிறாளா, அதனால் அவள் வேலை சுலபமானதா, உனக்குத் தெரியாது. மூன்றாவதில் முதல் தடவையாக ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தது, நீ எழுதியது எங்கேயோ உடைந்துவிட்டது என்று. அடுத்த வாரமே ரெஸ்யூமை நவ்க்ரி என்ற வேலை தேடும் தளத்தில் ஏற்றிவிட்டாய்.

13 மாதம் என்றால் உண்மையில் எத்தனை மாதம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேர்ந்த முதல் மூன்று மாதம் லேப்டாப், ஆக்சஸ், யார் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்வதிலேயே போகிறது. கடைசி மூன்று மாதம் நோட்டீஸ் பீரியட். அதில் கே.டி., அதாவது அடுத்து வருபவனுக்கு வேலையைச் சொல்லிக் கொடுப்பதைத் தவிர உன்னிடம் யாரும் எதையும் நம்பி ஒப்படைப்பதில்லை. மீதி ஏழு மாதம். ஏழு மாதத்தில் கத்தரிக்காய் காய்க்கும், நீ செய்வதெல்லாம் தென்னை.

பணத்தை வைத்துப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை, ஆனாலும் தொழில் பழக்கம் விடாது. உன் ஆஃபர் லெட்டரில் சி.டி.சி. கணக்கில், அதாவது உனக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவில், கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று ஒரு வரி இருக்கும், பேசிக்கில் (அடிப்படைச் சம்பளத்தில்) 4.81 சதவீதம். வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கணக்கு; 15-ஐ 26-ஆல் வகுத்து, 12 மாதத்துக்குப் பிரித்தால் வரும் எண் அது. 40,000 பேசிக்குக்கு மாதம் 1,924 ரூபாய். உன் சம்பளம் என்று காட்டுகிற பணம்தான். ஆனால் நிரந்தர ஊழியர் தானாக விலகினால் ஐந்து வருஷம் ஓர் இடத்தில் இருந்திருந்தால்தான் கைக்கு வரும். நான்கு வருஷமும் ஐந்தாவதில் 240 நாளும் போதும் என்று நம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் இருக்கிறது. உனக்கு அதுவும் எட்டாது. ஆறு வருஷத்துக்கு மேலான கிராஜுவிட்டி, ஐந்து லெட்டரில் அச்சாகி, உனக்கு வந்தது பூஜ்யம்.

சரி, உனக்கு மட்டும் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும் தாவியவன்தான். முதலில் மண்ணடியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். இருபது பேர் இல்லாத இடம் என்பதால் பி.எஃப்.பே கிடையாது. அப்புறம் கிண்டியில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி. 1999-ல் அதையும் விட்டேன். விட்ட கையோடு பி.எஃப். பணத்துக்கு ஃபார்ம் 19, பென்ஷன் பங்குக்கு 10சி இரண்டையும் போட்டு மொத்தத்தையும் எடுத்துவிட்டேன். பென்ஷன் சர்வீஸும் அதோடு போச்சு. அந்தப் பணத்தில்தான் உன் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் செய்தேன். வெள்ளி அரைஞாண், பட்டுச் சட்டை, தட்டு வரிசை. என் மடியில் உட்கார்ந்து ஆசாரியின் விரலைக் கடித்தாய்.

அதே வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்த பிரஸ் ஷாப்பில் (இரும்புத் தகடு அழுத்தும் பட்டறை) வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் நரகம். பழைய ரிஜிஸ்டர்களைப் பிரதி எடுத்து எழுதுவதுதான் வேலை. மேனேஜரோடும் ஆகவில்லை. 2001-ல் வேறு மூன்று இடத்துக்கு மனுப் போட்டேன், ஒருவரும் கூப்பிடவில்லை. பொறுமைசாலி என்று என்னைப் பற்றி உன் அம்மா சொல்வதையெல்லாம் நம்பாதே. வேறு வழியில்லாமல் தங்கியவன் நான்.

2004-ல் எங்கள் பிரஸ் ஆபரேட்டர் ஒருவர் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். குடும்பப் பென்ஷனுக்கு அவர் மனைவி 10டி ஃபார்ம் கொடுத்தால், பெயர் ஒத்துப்போகவில்லை. எங்கள் சம்பள ரிஜிஸ்டரில் எவனோ அவருடைய கூப்பிடும் பெயரை எழுதிவைத்திருந்தான். ரேஷன் கார்டில் முழுப் பெயர். தப்பு எங்களுடையது, அலைந்தது அந்த அம்மா. அந்த ஆபரேட்டர் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த நாமினேஷன் ஃபார்ம், முழுப் பெயரும் மனைவி பெயரும் கைநாட்டுமாக, டைம் ஆபீஸ் பரண் மேல் சர்க்கரை மூட்டைச் சாக்கில் கிடந்தது. அது அங்கே இருக்கிறது என்று அந்தக் கம்பெனியில் தெரிந்த ஒரே ஆள் நான். இரண்டு வருஷம் சபித்துக்கொண்டே பிரதி எடுத்தேன் இல்லையா, அதனால். பென்ஷன் ஆர்டர் வந்த அன்று அந்த அம்மா ஒரு துணிப்பையில் வேர்க்கடலை கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அதற்கப்புறம் நான் வேறு இடத்துக்கு மனுப் போடவில்லை. மேனேஜர் மாறவில்லை, சம்பளமும் பெரிதாக ஏறவில்லை.

1950-களின் கடைசியில் ஹெர்ஸ்பெர்க் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர் பிட்ஸ்பர்க் பக்கத்தில் சுமார் 200 பேரை விசாரித்தார். எல்லாரும் என்ஜினீயர்கள், கணக்காளர்கள். உன் ஜாதியும் என் ஜாதியும். வேலை எப்போது பிடித்தது, எப்போது வெறுத்தது என்று கேட்டார். வெறுத்த கதைகளில் பெரும்பாலும் மேலதிகாரி, கம்பெனி விதிமுறை மாதிரி சமாச்சாரம். பிடித்த கதைகளில் செய்து முடித்த வேலை, அதற்குக் கிடைத்த மரியாதை. அவர் முறையில் ஓட்டை உண்டு என்று பின்னால் பலர் சண்டை பிடித்தார்கள், அது இருக்கட்டும். நீ ஒவ்வொரு முறையும் முதல் வகைத் தொல்லைக்காகக் கம்பெனி மாறுகிறாய். அந்தத் தொல்லை தீர்ந்தும் விடுகிறது. இரண்டாவது வகை உனக்கு இன்னும் ஒரு தடவைகூட வாய்க்கவில்லை, ஏனென்றால் அது வருவதற்குள் நீ வேறு கட்டடத்தில் இருக்கிறாய். உனக்குக் கோளாறு ஒன்றும் இல்லை.

பி.எஃப்.பை எடுக்காதே. பழைய நான்கையும் இப்போதைய ஐடிக்கு மாற்று. கேம்பஸில் சேர்ந்தபோது பேசிக் 15,000-க்குக் கீழே இருந்ததால்தான் நீ பென்ஷன் திட்டத்திலேயே இருக்கிறாய். பத்து வருஷ சர்வீஸ் ஆனால் பென்ஷன் உரிமை வரும், உனக்கு ஆறுக்கு மேல் ஆகிவிட்டது. நான் செய்த மடத்தனத்தை நீயும் செய்ய வேண்டாம். எனக்காவது அதில் ஒரு காதுகுத்து நடந்தது.

ஆஃபரை வேண்டாம் என்று சொல் என்று நான் எழுதவில்லை. இப்போது செய்கிற வேலை மார்ச்சில் லைவ் போகிறது என்றாய். இன்றைக்குப் பேப்பர் போட்டால் ஏப்ரலில்தான் விடுவார்கள், ஆனால் நோட்டீஸில் இருப்பவனை லைவ் அன்றைக்குப் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். மார்ச் முடியட்டும். இரண்டு மணிக்குப் போன் வந்தால் எடு. அதற்கப்புறமும் போக வேண்டும் என்று தோன்றினால் போ, உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன்.

நான்காவது கம்பெனிக்காரன் நீ விலகிய தேதியை இன்னும் ஏற்றவில்லை, அது இல்லாமல் டிரான்ஸ்ஃபர் நகராது. கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் தாண்டிவிட்டால் நாமே பி.எஃப். போர்ட்டலில் ஏற்றலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. ஆதாரோடு இணைத்த போனை மறக்காமல் கொண்டு வா, போன தடவை மாதிரி ஓ.டி.பி.க்காக உன் அப்பாவைத் தேடிக்கொண்டு இருக்க முடியாது.

அன்புடன்,
மாமா