துப்பறியும் கதைக்குத் தொப்பி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பதிப்பில் நம் நாட்டு இளம் எழுத்தாளர்களின் துப்பறியும் சிறுகதைகள் வருவது மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் பலர் ஷெர்லாக் ஹோம்ஸிடமிருந்து தொப்பியையும் புகைக்குழாயையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தொப்பியைப் பிரபலமாக்கியது ஓவியர் சிட்னி பேஜட்டின் படங்கள். கதையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் வாட்சன். ஹோம்ஸின் நண்பரான அவர்தான் கதைகளைச் சொல்பவர். துப்பறிபவரே கதை சொன்னால், நினைத்ததையெல்லாம் சொல்லி மர்மத்தைக் கெடுப்பார். இல்லையேல் வாசகரிடம் மறைப்பார். அதே தடயத்தைப் பார்த்தும் பொருள் விளங்காத ஒருவர் சொன்னால் இந்தச் சிக்கல் இல்லை. ஹோம்ஸின் 56 சிறுகதைகளில் வாட்சனை விட்டு ஹோம்ஸே எழுதுவதாக அமைந்தவை இரண்டுதான். இரண்டும் 1926இல் வந்தவை. வாட்சன் இல்லாத குறை அவற்றில் தெரிகிறது. அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோவுக்குக் கதைசொல்லியாக நண்பர் ஹேஸ்டிங்ஸ் வாய்த்ததும் இந்த வழியில்தான். சுஜாதாவின் வசந்த் கதைசொல்லி அல்ல. ஆனாலும் கணேஷ் தன் யோசனையை வாய்விட்டுச் சொல்ல அவன் தேவைப்படுகிறான்.

அடுத்தது தடயம். 1892இல் வந்த 'சில்வர் பிளேஸ்' கதையில், குதிரை லாயத்தில் காவலிருக்கும் பையனின் ஆட்டிறைச்சிக் கறியில் அபினித் தூள் கலந்திருக்கிறது. அபினியின் சுவையை மசாலா மறைத்துவிடும். அன்றிரவு கறிதான் சமைக்க வேண்டும் என்று வெளியாள் முடிவு செய்ய முடியுமா? லாயத்து நாயும் குரைக்கவில்லை; அப்படியென்றால் வந்தவர் அதற்குப் பழக்கமானவர். கறி, நாய் இரண்டுமே விடைக்கு வெகு முன்பே வாசகர் கண்ணில் பட்டுவிடுகின்றன. நம் கதைகளிலோ குற்றவாளி கடைசிப் பத்தியில்தான் முதன்முறையாகத் தலைகாட்டுகிறார்; இல்லாவிட்டால் இன்ஸ்பெக்டருக்கு ஒரு போன் வந்து எல்லாம் விளங்கிவிடுகிறது.

தோட்டப்புறத்தில் தடயங்களுக்குப் பஞ்சமே இல்லை. விடியற்காலையில் மழை பெய்தால் ரப்பர் மரத்தின் பட்டை நனைந்துவிடும். பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் பட்டையெங்கும் வழியும். அதனால் அன்று பால் வெட்டு, அதாவது பாலெடுக்க மரப்பட்டையைக் கீறும் வேலை, இருக்காது. அந்தக் காலையில் "நான் பால் வெட்டப் போயிருந்தேன்" என்று சொல்பவர் பொய் சொல்கிறார். இதைக் கதையாக்க, நனைந்த கொடித்துணியை முதல் பக்கத்திலேயே காட்டிவிட வேண்டும். மழை நாளில் வெட்டில்லை என்பதை வேறொரு பேச்சில் சொல்லிவைக்க வேண்டும். நகரத்து வாசகருக்கு அது தெரிந்திருக்காது. பொய் அதற்குப் பிறகு வரட்டும்.

முடிவை முதலில் எழுதிக்கொள்வது நல்லது. ஆயிரம் சொல் கதையென்றால் முக்கியத் தடயம் முதல் முந்நூறு சொற்களுக்குள் வந்துவிட வேண்டும். அது தனியாக நின்றால் காட்டிக்கொடுத்துவிடும். சைக்கிள், வாளி, துணி என்று சாதாரணப் பொருள்களுக்கு நடுவே வைக்கலாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய கதைகளை விடைக்கு முன்னால் நிறுத்தி வெளியிட்டு, விடையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். இடைப்பட்ட வாரத்தில் வாசகர்கள் தங்கள் விடையையும், எந்த வரியிலிருந்து அதைக் கண்டார்கள் என்பதையும் எழுதி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்