இடையில் பட்டால் மாத்திரையை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் மகளிர் பக்கக் கேள்வி-பதிலில், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது மாதவிலக்குக்கு நடுவே ரத்தம் பட்டால் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள், உடனே நிறுத்திவிடலாம் என்று பதில் வந்திருந்தது. அதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். "லேசா பட்டுக்கிட்டே இருக்குக்கா, அதான் விட்டுட்டேன்" என்று முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில் ஏற்கெனவே பல பெண்கள் சொல்கிறார்கள். அட்டையைப் பாதியில் விட்டால் இரண்டொரு நாளில் ரத்தப்போக்கு கூடத்தான் செய்யும். அதன்பிறகு கருத்தரிக்காமல் இருக்கப் பாதுகாப்பும் கிடையாது.

அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். முதல் 21 ஹார்மோன் மாத்திரை. ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் ஈஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் 0.03 மில்லிகிராம். வேறு நிறத்தில் இருக்கும் கடைசி ஏழும் இரும்புச்சத்து மாத்திரை. மாத்திரை சாப்பிடச் சாப்பிடக் கருப்பையின் உட்சவ்வு மெலிந்துகொண்டே வரும். உடம்பு அதற்குப் பழகும்வரை மெல்லிய சவ்விலிருந்து ஆங்காங்கே கசியும். முதல் மூன்று மாதம் இது சகஜம், பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். வேளை தவறாமல் சாப்பிட்டு வந்தால், கசிவு இருந்தாலும் மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

மூன்று மாதம் தாண்டியும் பட்டால், முதலில் மாத்திரை அட்டையைப் பார்க்க வேண்டும். ஒருநாள் காலை ஏழு மணிக்கு, மறுநாள் இரவு பத்து மணிக்கு என்று சாப்பிட்டால் ஹார்மோன் அளவு ஏறி இறங்கிக் கசியும். பீடி சுற்றுகிறவர்களுக்கும் வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கும் காலை நேரம் தோதுப்படாது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் போட்டுக்கொள்வது நல்லது. அம்புக்குறி காட்டும் வரிசையிலேயே எடுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைதானே என்று ஏழையும் எறிந்துவிடுகிறவர்கள் நாள் கணக்கைத் தவறவிடுகிறார்கள். மாதவிலக்கு நிற்கட்டும் என்று காத்திருப்பது இன்னும் பெரிய தவறு. ரத்தம் நின்றாலும் நிற்காவிட்டாலும் 29-ஆம் நாள் அடுத்த அட்டையின் முதல் மாத்திரையைப் போட்டாக வேண்டும். ஹார்மோன் மாத்திரை இல்லாத இந்த ஏழு நாள் எட்டு, ஒன்பது என்று நீள்வதுதான் கர்ப்பத்துக்கு வழி. அதனால் அடுத்த அட்டையை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

ஹார்மோன் மாத்திரை ஒன்று மறந்தால், நினைவு வந்ததும் போடலாம். அன்றைக்கு இரண்டாகிப் போனாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ மறந்தால், கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, மற்றதை ஒதுக்கிவிட்டு, வழக்கம்போலத் தொடர வேண்டும். தொடர்ந்து ஏழு நாள் மாத்திரை சாப்பிட்டு முடிக்கும்வரை ஆணுறையும் வேண்டும். மறந்தது மூன்றாவது வாரத்தில் என்றால், மீதி ஹார்மோன் மாத்திரைகளை முடித்துவிட்டு, இரும்புச்சத்து மாத்திரை ஏழையும் விட்டு, மறுநாளே புது அட்டையைத் தொடங்க வேண்டும். முதல் வாரத்தில் மறந்து, அதற்கு முந்தைய ஐந்து நாளுக்குள் உறவு நடந்திருந்தால், அவசரக் கருத்தடை மாத்திரை தேவையா என்று உடனே செவிலியரிடம் கேட்க வேண்டும். அதைச் சாப்பிட்டாலும் சில நாள் கசியலாம். மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். அதை வேறொரு அட்டையிலிருந்து எடுத்தால் நாள் கணக்கு கெடாது.

நம் ஊரில் கோயில் கொடைத் திருவிழா சமயத்தில்தான் குழப்பம் அதிகம். சாமக்கொடைக்குக் கண்விழிக்கும் இரவில் மாத்திரை மறந்துபோகும். பால்குடம் எடுக்க வேண்டும், தூரமாகிவிடக் கூடாது என்று மருந்துக்கடையில் தள்ளிப்போடும் மாத்திரை கேட்டு வாங்கி, கருத்தடை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. நாரெத்திஸ்டெரோன் 5 மில்லிகிராம் எனப்படும் அந்த மாத்திரையைத் தள்ளிப்போடுவதற்காகச் சில நாள் சாப்பிடுவதைக் கருத்தடையாக நம்ப முடியாது. மாலா சாப்பிடுகிறவருக்கு அது தேவையே இல்லை. 21 முடிந்ததும் இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்கினால் போதும், அந்த மாதம் விலக்கு தள்ளிப்போகும். நீட்டிச் சாப்பிடும்போது சிலருக்கு லேசாகப் படலாம். இப்படிப் படுவதையும் தீட்டாக எண்ணி, பத்து நாள் பூசைக்கும் அடுக்களைக்கும் ஒதுக்கி வைப்பதால்தான் பல பெண்கள் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். மருத்துவக் கணக்கில் இது மாதவிலக்கு அல்ல. வீட்டுப் பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாரா என்பதையும் விடாமல் கேட்க வேண்டும். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினும், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமாசெபைன், ஃபீனோபார்பிட்டோனும் கருத்தடை மாத்திரையைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும். இவர்களுக்குக் கசிவு ஓர் எச்சரிக்கை. மாத்திரை பலிக்காமல் போகலாம். காப்பர்-டி போல வேறு வழிக்கு மாறுவதே சரி. சளி, காய்ச்சலுக்குத் தரும் அமாக்ஸிசிலின் போன்றவற்றால் இந்தத் தொல்லை இல்லை.

மருந்துக்கடையில் 'ரத்தம் நிற்க' என்று கேட்டால் டிரானெக்ஸாமிக் ஆசிட் கொடுத்துவிடுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையோடு அதைச் சேர்த்தால் ரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்து கூடும். மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கசிவு தொல்லையாக இருந்தால் ஐந்து நாளுக்கு ஐபுபுரோஃபென் எழுதித் தருவது உண்டு, அதையும் வயிற்றுப்புண் இருக்கிறதா என்று பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும். "அதே மருந்துதான்" என்று கடைக்காரர் மாதத்துக்கு ஒரு கம்பெனி மாற்றித் தருவதையும் ஏற்கக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் 0.02 மில்லிகிராம் மட்டுமே உள்ள மாத்திரைகளில் கசிவு கூடுதலாக இருக்கும்.

வாரக் கணக்கில் சாப்பிடும் சாயா மாத்திரை வேறு. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. அதில் விலக்கு தள்ளிப்போகுமே தவிர இடையில் படுவது குறைவு. மாலாவையும் சாயாவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மாதக்கணக்கில் ஒழுங்காக இருந்து திடீரென்று பட ஆரம்பித்தாலும், உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலும், நாற்றத்தோடு வெள்ளை போனாலும், அடிவயிறு வலித்தாலும் மாத்திரையைக் குறைசொல்லிக்கொண்டு இருக்கக் கூடாது. கிருமித்தொற்று, சதை வளர்ச்சி, கர்ப்பம், கருப்பைவாய்ப் புற்றுநோய் என எதுவாகவும் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனையும், 30 வயது தாண்டியவர்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனையும் செய்வார்கள். மேற்கொண்டு பார்க்க ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி எனப்படும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கண்பார்வை மங்கி மண்டையைப் பிளக்கும் தலைவலி, இவற்றில் எது வந்தாலும் அப்போது மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போகும்போது மாத்திரை அட்டையையும், சாப்பிடும் மற்ற மருந்துகளையும் கையோடு கொண்டுபோகட்டும். எந்தத் தேதியில் பட்டது, எத்தனை துணி மாற்ற வேண்டியிருந்தது, எந்த நாள் மாத்திரை விட்டுப்போனது என்பதை வீட்டுக் காலண்டரில் குறித்துவைத்திருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார செவிலியர்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.