செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

குன்னூரில் நமது குடியிருப்போர் நலச் சங்கம் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு 9 முறை கூட்டப்பட்டது. அதில் 3 முறை போதிய ஆள் வராமல் கலைந்தோம். சுதந்திர தினக் கொடியேற்றமும் பொங்கல் கோலப்போட்டியும் வழக்கம்போல் நடந்தன. மேட்டுத் தெருவில் 4 தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. படிக்கட்டுக்குக் கைப்பிடி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

அடுத்தது நாய்களுக்காக வாசல்களில் வைத்த தண்ணீர்த் தொட்டி விஷயம். "நாய்க்குத் தண்ணி வைக்கவா சங்கம்?" என்று இருவர் என்னிடமே கேட்டார்கள், வேறு சிலர் வெளியில் பேசினார்கள். அதனால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் ஊருக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருமழை. கீழ்த்தெரு வளைவில் சாக்கடை அடைத்துக்கொண்டு மூன்று வாரம் தண்ணீர் தேங்கி நின்றது. பக்கத்திலேயே குப்பை, குப்பையைச் சுற்றி எலி. எங்கள் வீட்டு நாய் மணி தினமும் அந்தத் தண்ணீரில்தான் வாய் வைத்திருக்கிறான். ஒரு நாள் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் வாந்தி. மூன்றாம் நாள் கால்நடை மருத்துவர் அவன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு மஞ்சள் பூசினாற்போல் இருந்தது, கண்ணின் வெள்ளையும் அப்படியே. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. எலிக்காய்ச்சல், சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார். ஆறாம் நாள் விடியற்காலையில் என் மடியிலேயே போய்விட்டான்.

அந்தச் சாக்கடையைத் தூர்வார வேண்டும் என்று புரட்டாசியிலேயே செயற்குழுவில் வைத்திருந்தேன். 7 பேர் இருந்தால்தான் தீர்மானம். அன்று வந்தவர்கள் 5 பேர். நடவடிக்கைப் புத்தகத்தில் இது இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எலிக்காய்ச்சலைக் கொண்டுவருவது எலியின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி. அது நல்ல வெயிலில் காய்ந்தால் செத்துவிடும். மழையும் மூடுபனியுமாக இருக்கும் நம் ஊரில், ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குடித்தால்தான் என்றில்லை, பாதத்தில் ஒரு கீறல் இருந்து அந்தத் தண்ணீரில் நடந்தாலும் உள்ளே போய்விடும். மனிதருக்கும் இப்படித்தான் வருகிறது. அந்த வளைவில் நம் பிள்ளைகள் வெறுங்காலோடு இறங்கிப் பந்து எடுக்கிறார்கள். சங்கப் பணம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் என் பதில்.

மார்கழியில் 22 சிமெண்ட் தொட்டிகள் வாங்கி வாசல்களில் வைத்தோம். வெளியே தாகம் எடுக்காத நாய் குட்டையைத் தேடாது என்பதுதான் கணக்கு. ஆனால் தொட்டியைத் தினமும் கவிழ்த்து, நார் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரவில் கவிழ்த்தே வைக்க வேண்டும், இல்லையென்றால் எலி அதற்கும் வரும். இப்போது 13 தொட்டிகள்தான் ஒழுங்காக இருக்கின்றன. மீதி 9-ஐ ஞாயிறுதோறும் நானே தேய்க்கிறேன். தொட்டால் வழுக்குகிற அளவுக்குப் பாசி. குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்காக வாசலில் டிரம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மூடி போடுங்கள்.

கேரட், கோஸ் தோட்டங்களை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொன்று. மருந்து அடித்த டிரம்மை ஓடையில் கழுவுகிறார்கள். அந்த விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. நடைக்குப் போகும்போது நாயைக் கயிற்றில் பிடித்து, வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போங்கள். சோலைப் பக்கத்து ஓடையில் குடித்த ஒரு நாய்க்கு மூக்கில் அட்டை ஏறி, நாலு நாள் ரத்தம் சொட்டியது. மருத்துவர் அதைக் கொஞ்ச நேரம் தாகத்தோடு வைத்து, மூக்கருகில் ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரைக் காட்டினார். அட்டை தானாகத் தலையை நீட்டியது, இடுக்கியால் பிடித்து எடுத்தார்.

தை மாதம் நாய்களுக்கு லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல், தடுப்பூசி முகாம் நடத்தினோம். நாய்க்கடி மருந்துக்காக 1907-இல் பாஸ்டர் நிறுவனம் வந்த ஊர் இது. வெறிநாய் ஊசி தெரியாத வீடு இங்கே இல்லை. லெப்டோ ஊசியைத்தான் பலர் அன்று முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள். முதல் ஊசிக்கு 41 நாய்கள் வந்தன. சில வாரம் கழித்து இரண்டாவதற்கு வந்தவை 26. இரண்டும் போட்டால்தான் பலன், அப்புறம் வருடம் ஒருமுறை தொடர வேண்டும். விடுபட்ட 15 நாய்களின் வீடுகளுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன்.

வரவு செலவு பெரும்பாலும் சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. ஆண்டுச் சந்தா 600 ரூபாய். 64 வீடுகளில் 27 வீடுகள் இன்னும் கட்டவில்லை. தொட்டி வாங்கியதில் ஒரு பகுதி என் கைப்பணம், அதை நான் கணக்கில் எழுதவில்லை. முகாமுக்குக் குறைந்த கட்டணத்தில் வந்த மருத்துவருக்கும், இடம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் புரட்டாசிக்குள் சாக்கடையைத் தூர்வாரியாக வேண்டும். ஆள் கூலிக்கு 27 வீட்டுச் சந்தாவே போதும். செயலாளர் பொறுப்பை இளையவர் யாராவது ஏற்றால் புத்தகங்களை இன்றே ஒப்படைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தொட்டி தேய்க்க எப்போதும்போல் வருவேன். கூட ஒருவர் வந்தால் 9 தொட்டிகளையும் எட்டு மணிக்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்