மண் பரிசோதனை விதியில் கருவியின் பெயர் எதற்கு?

மண் பரிசோதனை முறைகளை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். விதியில் இன்ன கருவிதான் வேண்டும் என்று எழுதாதீர்கள் எனக் கேட்கவே இந்தக் கடிதம். பாலிலிருந்து கொழுப்பைப் பிரிக்க 1879-இல் ஃபிரான்ஸ் வான் சாக்ஸ்லெட் என்ற வேதியியலர் ஒரு கண்ணாடிக் கருவியை அறிமுகப்படுத்தினார். மண்ணில் பூச்சிக்கொல்லி எச்சத்தையும் பிசிபி (PCB) எனும் நச்சு வேதிப்பொருள்களையும் தேட, பல ஆய்வகங்களில் இன்றும் அதுதான் கொதித்துக்கொண்டிருக்கிறது. நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் பத்து கிராம் மண்ணிலிருந்து மாசைக் கரைத்தெடுக்கச் சுமார் 300 மில்லி கரைப்பான், 16 முதல் 24 மணி நேரம், அத்தனை நேரமும் ஓடும் குளிர்நீர். கரைப்பான் டைகுளோரோமீத்தேன் என்ற நச்சுத் திரவமாக இருந்துவிட்டால், சோதனை முடிந்தபின் அதை என்ன செய்வது என்பது தனித் தலைவலி.

மாற்று முறைகள் வந்து வெகுகாலமாகிறது. கரைப்பானை அழுத்தத்தில் வைத்து 100 டிகிரி வரை சூடாக்கிச் செலுத்தினால் இருபது நிமிடத்தில் வேலை முடிகிறது. சில பத்து மில்லி போதும். மைக்ரோவேவ் முறையும் ஏறத்தாழ அப்படித்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இவற்றை 3545, 3546 என எண்ணிட்டுத் தன் முறைத் தொகுப்பிலேயே சேர்த்திருக்கிறது. காய்கறி, பழங்களுக்காக 2003-இல் வந்த, கரைப்பானோடு குலுக்கிப் பிரிக்கும் கேட்சர்ஸ் (QuEChERS) என்ற எளிய முறையை மண்ணுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

வேகம் கூடினால் துல்லியம் போய்விடாதா என்பீர்கள். மாசு நிலத்தில் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. சில அடி தள்ளித் தோண்டினாலே அளவு பல மடங்கு மாறலாம். மூன்று இடத்து மண்ணை மிக நுட்பமாக அளப்பதைவிட, முப்பது இடத்து மண்ணைப் போதிய நுட்பத்தோடு அளந்தால் அந்த நிலத்தைப் பற்றி அதிகம் தெரியவரும். எதிர்ப்பொருளைக் கொண்டு மாசைக் காட்டும் இம்யூனோஅசே கிட்டில் களத்திலேயே பார்த்துவிட்டு, சந்தேகமானதை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பவும் வழியுண்டு. (கிட் பெரும்பாலும் மொத்தமாகத்தான் சொல்லும், எந்தச் சேர்மம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.)

ஓரிடத்தில் மட்டும் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் களிமண்ணிலும் மட்கிலும் ஊறிய மாசு லேசில் வெளியே வராது. சோதனைக்கென்று நேற்றுச் சேர்த்த மாசை முழுக்க மீட்டுக் காட்டும் முறை, பழைய மாசிடம் தோற்றுவிடக்கூடும். அதனால், உண்மையிலேயே மாசுபட்ட, அளவு சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு மண்ணில் தேறிய முறையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அந்தத் தேர்வில் தேறிவிட்டால் எந்தக் கருவி என்று கேட்காதீர்கள். எட்ட வேண்டிய மீட்பு வீதத்தையும் (மண்ணிலுள்ள மாசில் எவ்வளவு பங்கு வெளியே வருகிறது) கண்டறியும் எல்லையையும் (காட்ட முடிந்த மிகக் குறைந்த அளவு) விதியில் எழுதினால் போதும். அழுத்தக் கருவி வாங்க வசதியில்லாத சிறிய ஆய்வகம் குலுக்கியோ மீயொலியிலோ அதே எண்ணை எட்டினால் அதுவும் செல்லுபடியாக வேண்டும். கூடவே, ஒவ்வொரு மாதிரிக்கும் எவ்வளவு கரைப்பான் செலவானது என்ற ஒரு வரியை அறிக்கையில் கட்டாயமாக்குங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக வேதியியலர்