பரம்பிக்குளத்தில் டயர் மாற்றிக் கொடுத்த அண்ணனுக்கு

போன வாரம் குடும்பத்தோடு பரம்பிக்குளம் போயிருந்தோம். ஆனப்பாடியில் வனத்துறை கூடாரத்தில் ஓர் இரவு தங்கினோம். தூணக்கடவு நீர்த்தேக்கம், கன்னிமாரா தேக்கு என்கிற பழைய பெரிய மரம் எல்லாம் பார்த்தாயிற்று. அணை இருப்பது கேரளத்தில், அதை நிர்வகிப்பது தமிழ்நாடு என்று பையனுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வம்பு, திரும்பும் வழியில்தான். டாப்ஸ்லிப்புக்கு முன்னாலேயே பின்டயர் பஞ்சர். செல்போனில் சிக்னல் இல்லை. சாலையோரம் யானைச் சாணம், பார்த்தாலே தெரிந்தது, புதுசு. இறங்கவே பயம்.

அப்போதுதான் காய்கறி மூட்டைகளோடு ஜீப்பில் வந்தீர்கள். "பிள்ளைங்க உள்ளேயே இருக்கட்டும், சத்தம் போடாதீங்க" என்றீர்கள். ஈர மண்ணில் ஜாக்கி புதைந்துகொண்டே போனது. உங்கள் ஜீப்பிலிருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்து அடியில் வைத்தீர்கள். கடைசி நட்டு அசையவே இல்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒரு மிதி! கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இத்தனைக்கும் உங்கள் காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "ஸ்டெப்னியில காத்து கம்மி, சேத்துமடை போனதும் அடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். பெயர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ரொம்ப நன்றி அண்ணா. அப்புறம், அந்தப் பலகை எங்கள் டிக்கியிலேயே வந்துவிட்டது.