பிஷ்கேக் ஆர்டர்

குன்னூர்
ஐப்பசி 22

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பெயர் என்ன வைத்தீர்கள் என்று நீ எழுதவில்லையே! இங்கே பத்து நாளாக விடாத மழை. தண்டவாளத்தில் பாறை விழுந்து மலை ரயில் நின்றுவிட்டது. கொழுந்து செழிப்பாக வருகிறது, பறிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

பேரிங் ஆர்டரைப் பற்றி என் கருத்தைக் கேட்டிருந்தாய். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில் ஆறு மாதத்துக்கு முன் பதிவான கம்பெனி, துபாயிலிருந்து வேறு பெயரில் வரும் பணம், நீ சொன்ன விலைக்கு மறுபேச்சே இல்லை. படித்ததும் வயிற்றைக் கலக்கியது. வேண்டாம், சண்முகம்.

கிர்கிஸ்தானின் மக்கள்தொகை சுமார் 70 லட்சம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படை அனுப்பி, மேற்கு நாடுகள் தடை விதித்த பிறகு, ஐரோப்பாவிலிருந்து அந்தச் சிறிய நாட்டுக்குப் போகும் காரும் இயந்திரமும் பல மடங்கு பெருகின. அத்தனையையும் அந்த ஊர்க்காரர்களா வாங்கினார்கள்? கிர்கிஸ்தானும் கஜகஸ்தானும் ஆர்மீனியாவும் ரஷ்யாவோடு ஒரே சுங்க ஒன்றியத்தில் இருக்கின்றன. உள்ளே நுழைந்த சரக்கு லாரியேறி வடக்கே போவதற்குத் தடங்கல் குறைவு. ரஷ்ய ஆயுதங்களுக்குப் பயன்படக்கூடியவை என்று அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் ஜப்பானும் சேர்ந்து வகுத்த பட்டியலில் சுமார் 50 வகைப் பொருள்கள் உண்டு. சிப்பும், கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரமும் மட்டுமல்ல, சாதாரண பால் பேரிங்கும் அதில் இருக்கிறது. ரஷ்யாவுக்குச் சரக்கு அனுப்பியதாக 2024 அக்டோபரில் அமெரிக்கா தடை விதித்த நிறுவனங்களில் 19 இந்திய நிறுவனங்கள். நம் நாட்டுச் சட்டப்படி அது குற்றமில்லை என்று உன் மகன் வாதிடலாம். ஆனால் டாலர் எந்த மூலையிலிருந்து வந்தாலும் பெரும்பாலும் நியூயார்க் வங்கி வழியாகத்தான் வரவேண்டும். அந்த வாசல் மூடினால் உன்னுடைய ஜெர்மன் வாடிக்கையாளரின் பணமும் வராது.

எண்ணெய் வணிகம் இதைவிடத் துணிச்சலானது. அமெரிக்கத் தடைக்கு உட்பட்ட ஈரான் எண்ணெயை ஏற்றிய பழைய டேங்கர், இருக்குமிடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டு மலேசியக் கடலோரம் நிற்கும். இன்னொரு கப்பல் அதை ஒட்டி வந்து குழாய் மாட்டும். இரண்டு நாளில் எண்ணெய் கைமாறி, காகிதத்தில் மலேசிய எண்ணெயாகிவிடும். மலேசியா உற்பத்தி செய்வதைவிட அதிகமான 'மலேசிய' எண்ணெயைச் சீனச் சுங்கக் கணக்கு காட்டுகிறது. கப்பல் பிடிபட்டால் அதன் உரிமையாளர் இன்னொரு தீவில் வேறு பெயரைப் பதிந்துகொள்வார். நீயோ நானோ அப்படிப் பெயர் மாற்றிக்கொள்ள முடியுமா?

நான் பட்டது உனக்குத் தெரியும். 2019இல் ஒரு கன்டெய்னர் ஆர்த்தடாக்ஸ் தேயிலை ஈரானுக்குப் போனது. உணவுப் பொருளுக்கு அமெரிக்கத் தடை கிடையாது. ஆனால் அந்த ஆண்டு மே மாதம் இந்தியா ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. எண்ணெய்க்காக நாம் இந்திய வங்கிக் கணக்கில் கட்டிய ரூபாயிலிருந்துதான் தேயிலைக்கும் அரிசிக்கும் பணம் வந்துகொண்டிருந்தது. புது ரூபாய் வராமல் அந்தக் கணக்கு வற்றத் தொடங்கியது. வேறு வழியில் பணம் பெறலாமா என்று கேட்க என் வங்கிக்குப் போனேன். அந்த அதிகாரி இன்வாய்ஸில் 'ஈரான்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார், அப்படியே காகிதத்தை என் பக்கம் தள்ளினார். ஒரு சொல்கூடப் பேசவில்லை. பணம் வந்துசேர 14 மாதம் ஆனது. பறித்தவர்களுக்குக் கூலி கொடுக்க என் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. ஒளிவுமறைவில்லாத வணிகத்துக்கே அந்தக் கதி.

இலங்கையைப் பார். ஈரானுக்குத் தரவேண்டிய 25.1 கோடி டாலர் எண்ணெய்க் கடனை மாதம் 50 லட்சம் டாலர் மதிப்புள்ள தேயிலையாகத் தீர்ப்பதாக 2021 டிசம்பரில் வெளிப்படையாக ஒப்பந்தம் போட்டார்கள். வழி தேடுவதில் தவறில்லை, வாங்குபவன் முகத்தைக் காட்ட வேண்டும்.

அந்தக் கம்பெனியிடம் ஒன்றே ஒன்று கேள்: இந்த பேரிங் எந்த ஊரில் எந்த இயந்திரத்தில் மாட்டப்படும் என்று கையெழுத்திட்டு எழுதித் தரட்டும். பதில் வரும்வரை முன்பணத்தைத் தொடாதே. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கோவை வருகிறேன். காகிதங்களை எடுத்து வை, உட்கார்ந்து பார்ப்போம். பேத்திக்கு என் மனைவி பின்னிய கம்பளித் தொப்பியும் வருகிறது.

அன்புடன்,
பெள்ளி