பழைய காருக்கு எந்த ஸ்பிரிங் என்று கேட்டால் ‘ஹார்டு’ என்கிறார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிதாக ஒரு கார் சந்தைக்கு வந்தால் நம் நாளிதழ் அரைப்பக்கம் ஒதுக்குகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும்தான் படிக்கிறேன். ஆனால் பழைய சின்ன காரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு நாலு வரி எழுத ஆளில்லை. கடைசி மாருதி 800 ஆலையை விட்டு வெளியே வந்தது 2014 ஜனவரியில். அதற்கு முந்தைய 30 வருடத்தில் செய்து விற்றது 25 லட்சத்துக்கும் மேல். அதில் ஒன்று அணைக்கட்டில் என் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறது. 1999-ல் வாங்கியது. அப்போது ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் எங்கள் வேலூர் மாவட்டம்தான். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது, வண்டி மட்டும் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது. 15 வருடம் முடிந்து, அப்புறம் 5 வருடத்துக்கு ஒருமுறை என்று இதுவரை மூன்று தடவை பதிவைப் புதுப்பித்தாயிற்று.

இந்தக் கடிதம் அந்த வண்டியின் ஸ்பிரிங் பற்றியது. சிரிக்க வேண்டாம். ஒன்றரை வருடம் இதில் அலைந்திருக்கிறேன்.

எனக்கு இலவம்பாடிப் பக்கம் கொஞ்சம் நிலம். எங்கள் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது ஊருக்கே பெருமை. அந்தப் பெருமையை நேதாஜி மார்க்கெட்டுக்குச் சுமந்து போனது என் 800. பின் சீட்டை மடக்கி இரண்டு மூட்டை, டிக்கியில் ஒன்று. வெறும் வண்டியின் எடையே ஏறக்குறைய 650 கிலோதான். நானும் மனைவியும் ஏறி, காயும் ஏறினால் 250 கிலோவைத் தொடும். பெரிய வண்டிக்கு 250 கிலோ ஒரு பொருட்டில்லை. இந்த வண்டிக்கோ அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைவிட அதிகம், அதுவும் பெரும்பாலும் பின் சக்கரத்தின் தலையில். சின்ன காருக்கு ஸ்பிரிங் தேர்வு ஏன் இத்தனை முக்கியம் என்பது இதிலேயே இருக்கிறது.

முதலில் நான் எதையும் கவனிக்கவில்லை. ராத்திரியில் ஊசூர் ரோட்டில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் எனக்கு லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தான் போகிறேன், இவர்களுக்கு என்ன வந்தது என்று திட்டிக்கொண்டேன். பின்பக்கம் இறங்கினால் முன்பக்கம் நிமிரும், ஹெட்லைட் எதிராளி கண்ணில் குத்தும் என்பது உறைக்கவே ஒரு மாதம் ஆனது. பஞ்சர் ஒட்டுகிற பையன் பார்த்துவிட்டுச் சொன்னான்: “சார், வண்டி பின்னால குந்திகினு கீது.”

வேலூரில் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். முதல் வைத்தியம் ரப்பர் கட்டை. ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுக்கு நடுவே கட்டையைத் திணித்தார்கள். வண்டி எழுந்து நின்றது, எனக்கும் சந்தோஷம். ஆனால் கட்டை பிடித்துக்கொண்ட சுற்றுகள் வேலை செய்யாது. அவற்றின் பங்கையும் சேர்த்து மற்ற சுற்றுகள்தான் முறுக வேண்டும். கட்டையின் விளிம்பு உரசுகிற இடத்தில் பெயிண்ட் போய், கம்பி துருப்பிடிக்கும். ஆறு மாதத்தில் ஒரு கட்டை எங்கோ வேகத்தடையில் கழன்று விழுந்துவிட்டது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, கோவில் யானை காலை மாற்றி நிற்பதுபோல் நின்றது.

இரண்டாவது தடவை அதே கடையில், “சார், புது ஸ்பிரிங்கே போட்டுடலாம், ஹார்டு. இனிமே உக்காரவே உக்காராது” என்றார்கள். பெட்டியில் வருகிற கம்பெனிப் பொருளைவிடப் பாதி விலை. பெட்டி இல்லை, எண் இல்லை, கறுப்புப் பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருந்தது. போட்டேன்.

மூட்டை ஏற்றினால் பரவாயில்லை. வெறும் வண்டியாக ஓட்டினால் கட்டை வண்டி தோற்றது. அணைக்கட்டிலிருந்து வேலூர் போவதற்குள் எத்தனை வேகத்தடை என்று என் மனைவி எண்ணத் தொடங்கிவிட்டாள். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்களில் பின் சக்கரம் தரையில் பாவாமல் குதித்தது. ஒரு மழை நாளில் தொரப்பாடி அருகே பிரேக்கை மிதித்தபோது பின்பக்கம் ஒரு முழம் விலகிப் போனதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. சில மாதத்தில் பின் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் கசிந்தது. ஸ்பிரிங் எவ்வளவு கடினமோ அவ்வளவு வேகமாக அது திரும்பி எழும்பும். அந்த எழும்பலை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. என் பழைய ஷாக் பழைய ஸ்பிரிங்குக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

போதாததற்கு முன்பக்கம் வேறு. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். இந்தத் தடவை கொணவட்டத்துப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பழைய மாணவனிடம் போனேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் இயற்பியல் எடுத்தவன் நான், மாவட்டத்தில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஒரு மாணவன் அகப்படுவான். சக்கரத்தைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துக் காட்டினான். இடது முன் ஸ்பிரிங்கின் அடிச் சுற்று உடைந்திருந்தது. உடைந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்தான். அரிவாள் வளைவில் ஒரு சாண் நீளம். உடைந்த முகத்தைப் பார்த்தேன். ஓரத்தில் பிறைபோல ஒரு பகுதி கறுத்துத் துருவேறி இருந்தது, மீதி வெள்ளியாய் மினுங்கியது. கறுத்தது பல மாதம் முன்பே விழுந்த கீறல். மினுங்கியது போன வாரம் ஒரே அடியில் போனது. ஸ்பிரிங் உட்காரும் அடித் தட்டில் சேறும் தண்ணீரும் தேங்குகிற இடம் அது. கல் பட்டுப் பெயிண்ட் உரிந்தால் துரு அங்கேதான் தொடங்கும். டயரைக் கழற்றும்போதெல்லாம் அந்த இடத்தைத் துடைத்து ஒரு பார்வை பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

அப்புறம் அவன் கேட்டான்: “சார், பின்னால போட்ட ஸ்பிரிங் கம்பி எத்தினி எம்எம்?”

எனக்குத் தெரியவில்லை. சுமைக்கு ஏற்ற விகிதத்தில்தான் ஸ்பிரிங் நீளும், அமுங்கும் என்கிற ஹூக் விதியை 31 வருடம் நடத்தியவனுக்குத் தன் வண்டி ஸ்பிரிங்கின் கம்பித் தடிமன் தெரியவில்லை. தடிமன் அளக்கும் வெர்னியரை அவனே எடுத்து வந்தான். கம்பெனி ஸ்பிரிங்கைவிட என்னுடையது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடித்திருந்தது.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்கிறவர்களுக்காக இந்தக் கணக்கு. சுருள் ஸ்பிரிங்கின் கடினம் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்காக ஏறும். 10 மி.மீ. கம்பியை 11 ஆக்கினால், மற்றதெல்லாம் மாறாவிட்டாலும், 1.1-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும்: 1.46. அதாவது 46 சதவீதம் கூடுதல் கடினம். சுற்று குறைந்தாலும் கடினம் ஏறும். வேலை செய்கிற சுற்று ஆறு இருக்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் 20 சதவீதம் ஏறும், உயரமும் குறையும். வண்டியைத் தாழ்த்தி ஓட்ட ஆசைப்படுகிற இளைஞர்கள் செய்வது இதைத்தான். கேஸில் சுட்டு வெட்டுகிறவர்களும் உண்டு. பதம் ஏற்றிய எஃகைச் சுட்டால் பதம் போய்விடும், அப்புறம் அது வெறும் கம்பி.

இன்னொரு குழப்பம் நீளத்தில். கடையில் பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, “பாருங்க சார், ஒரே உயரம்” என்பார்கள். உட்கார்ந்துபோன ஸ்பிரிங்கின் உயரத்துக்குப் புதிது சரியாக இருந்தால் அதுவே தப்பு. நீளமான இளக்க ஸ்பிரிங்கும் குட்டையான கடின ஸ்பிரிங்கும் வண்டியின் எடையில் ஒரே உயரத்தில் நிற்கலாம், ஓடும்போதுதான் வேறு வேறாகக் காட்டும். வெறும் உயரத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. தடிமன், சுற்று எண்ணிக்கை, சுருளின் அகலம், இவற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சில ஸ்பிரிங்குகளில் கோடாக ஒரு பெயிண்ட் அடையாளம் இருக்கும். அதை அழகுக்கு என்று நினைத்திருந்தேன். எந்த ரகம் என்று பிரித்துக் காட்டுகிற குறி அது.

ராபர்ட் ஹூக் தன் விதியை 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப்போட்டுப் புதிராகத்தான் வெளியிட்டார். விடையை 1678-ல் சொன்னார். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கள் ஊர் ஸ்பிரிங் கடைகளில் புதிர் மட்டும்தான் விற்கிறது, விடை பெட்டியில் வருவதில்லை.

சரி, கடைசியில் என்ன செய்தேன்? முதலில் மாணவன் சொன்னபடி, பட்டறையின் சமதளத்தில் வண்டியை வெறுமையாக நிறுத்தி, நாலு டயரிலும் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்தோம். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் வந்து குழப்பும், அதனால்தான் நடுவிலிருந்து. முன்பக்கம் வலது, இடதைவிட ஒரு செ.மீ. இறங்கியிருந்தது. வலதில் உடைசல் எதுவும் இல்லை. 25 வருடமாகப் பெரும்பாலும் நான் ஒருவன்தான் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். என் உடம்பின் சரித்திரம் ஸ்பிரிங்கில் எழுதியிருக்கிறது என்று மனைவி சொன்னாள். ஒவ்வொரு மூலையாகக் கையால் அமுக்கி விட்டுப் பார்த்தோம். எழும்பி ஒரு தடவையில் நின்றால் ஷாக் நல்லது, பின்பக்கம் மூன்று தடவை ஆடியது. உயரம் குறைந்தால் ஸ்பிரிங், ஆட்டம் நிற்காவிட்டால் ஷாக். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போனதுதான் என் முதல் தப்பு.

பிறகு ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸ் எண்ணைக் கொடுத்து, என் வருடத்து மாடலுக்கு உரிய உதிரிபாக எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த எண் போட்ட ஸ்பிரிங்கையே முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி வாங்கினேன். உடைந்தது ஒன்றுதானே, ஒன்றை மட்டும் மாற்றலாமே என்று எனக்குள் இருந்த கஞ்சன் கேட்டான். புதிது ஒரு பக்கமும் 25 வருடத்தது மறுபக்கமும் இருந்தால் வண்டி சாய்ந்து நிற்கும் என்று மாணவன் பாடம் எடுத்தான். பின் ஷாக் இரண்டும், அடியில் உட்காரும் ரப்பர்களும், ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்குகிற, பொடிந்துபோயிருந்த பம்ப் ஸ்டாப் கட்டையும் புதிது. முன்பக்கத்தைப் பிரிக்கும்போது அவன் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்பிரஸர் மாட்டித்தான் நட்டில் கைவைத்தான். கயிறு கட்டிப் பிரிக்கிற பட்டறைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அமுங்கி நிற்கிற ஸ்பிரிங் அவிழ்ந்தால் முகத்தை விட்டுவைக்காது. முடிந்ததும் அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம். எதிரே வருகிறவர்கள் இப்போது லைட் அடிப்பதில்லை.

கத்தரிக்காய்? இரண்டு மூட்டைக்கு மேல் ஏற்றுவதில்லை. அதையும் டிக்கியில் வைக்காமல், மடக்கிய பின் சீட்டின் மேல், முடிந்தவரை முன்னால் தள்ளி வைக்கிறேன். மூன்றாவது மூட்டை பக்கத்து நிலத்துக்காரரின் டாடா ஏஸில் போகிறது. வாடகை கொடுக்கிறேன். அந்த வாடகையை முன்பே கொடுத்திருந்தால் கட்டை, ஹார்டு ஸ்பிரிங், இரண்டு ஷாக் எல்லாம் மிச்சம்.

உங்கள் மூலமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். விற்கிற ஸ்பிரிங்கின் கம்பித் தடிமனையும், எந்த மாடலுக்கு, எந்த வருடத்துக்கு என்பதையும் பில்லில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். எழுத முடியாத ஸ்பிரிங்கை விற்காதீர்கள். சுமை ஏற்றுகிறவனுக்கு ஹார்டு வேண்டுமென்றால் கொடுங்கள், தப்பில்லை, ஆனால் எவ்வளவு ஹார்டு என்று சொல்லிக் கொடுங்கள். ஆசிரியர் அவர்களே, ஞாயிறு இதழில் ஒரு மூலையைப் பழைய வண்டிகளுக்கு விட்டால், பட்டறைக்காரர்களையே எழுதச் சொல்லலாம். என் மாணவன் நன்றாக எழுதுவான். பரீட்சையில்தான் எழுத மாட்டான்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். அந்த ஹார்டு ஸ்பிரிங் கடைக்காரர் எங்களுக்குச் சம்பந்தி வழியில் உறவு. அடுத்த மாதம் அவர் வீட்டில் கல்யாணம், நாங்கள் போயாக வேண்டும், இதே வண்டியில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.